பின்சில்லுக்கு ட்ரம்மா, டிஸ்க்கா? கேட்டதும் சொன்னதும்

கிராண்ட்பாஸ் பக்கம் கராஜ் வைத்து 24 வருசமாகுது. என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் பிக்கப்பும் டபுள் கெப்பும்தான் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்). ட்ரம் என்றால் சில்லோடு சுழலுகிற கிண்ணம், உள்ளேயிருந்து ‘சூ’ என்ற வளைந்த கட்டைகள் தங்கள் மேலுள்ள லைனரால் (உராய்வுப் பட்டை) அதன் சுவரில் அழுத்தி நிறுத்தும். டிஸ்க் என்றால் சுழலுகிற தட்டு, இரண்டு பக்கமும் ‘பேட்’ பிடித்து நிறுத்தும். பின் பிரேக் பற்றி எதுவானாலும் கேளுங்கோ.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணை, புது டபுள் கெப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இவ்வளவு காசு கேட்கிறாங்கள், பின்னால பார்த்தால் ட்ரம். மனைவியின் சின்னக் காருக்கே நாலு சில்லுக்கும் டிஸ்க். ஏமாத்துறாங்களா?

தம்பி, பிரேக் அடிச்சால் வண்டியின் பாரம் முன்னுக்குப் பாயும். பெட்டி வெறுமையாக இருக்கும் பிக்கப்பில் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. அங்கே பிரேக் கூடினால் பின்சில்லு பூட்டிக்கொண்டு வால் திரும்பும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் டிஸ்க்குடையது. ட்ரம்முக்கு இன்னொரு குணமும் இருக்கு. சுழலுகிற ட்ரம் முன்பக்க சூவைத் தன்னோடு இழுத்து, இன்னும் இறுக்கி அழுத்த வைக்கும். குறைந்த அழுத்தத்தில் நல்ல பிடி கிடைப்பது அதனால்தான். பாரத்தோடு ஏற்றத்தில் நிறுத்தினாலும் ஹேண்ட் பிரேக் அசையாது.

விலையும் ஒரு காரணம்தான், மறைக்க என்ன இருக்கு. டொயோட்டா ஹைலக்ஸில் பல மாடல்களுக்கு ட்ரம். அமெரிக்காவில் விற்கிற டொயோட்டா டகோமாவுக்கே 2023 மாடல் வரை பின்னால ட்ரம், 2024இல்தான் டிஸ்க் வந்தது. 2022இல் வந்த போர்ட் ரேஞ்சரின் மேல்தர மாடல்களில் பின்னாலும் டிஸ்க் இருக்கு. ஏமாத்து என்று சொல்லமாட்டேன். கஞ்சத்தனம் என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கும் வரமாட்டேன்.

பேலியகொடை, மரக்கறி வியாபாரம்: நுவரெலியாவிலிருந்து லோட் ஏத்தி ரம்பொடை இறக்கத்தில வரேக்க பெடல் கீழ போகுது. கராஜ் பாஸ் ஒருத்தர் டிஸ்க்குக்கு மாத்தச் சொல்றார். மாத்தவா?

பொறுங்கோ ஐயா. பெடல் எப்படிப் போகுது என்பதில்தான் விசயம் இருக்கு.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து பாரத்தோடு இறங்கும்போது ட்ரம் சூடேறி விரியும். விரிந்தால் அது சூவை விட்டு விலகும், பெடல் நீளமாகப் போகும். டிஸ்க் சூடேறினால் தடித்துப் பேட் பக்கமே வரும், அந்தத் தொல்லை அதற்கு இல்லை. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஒயில் கொதிக்குது என்று பொருள். ஒயில் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 தர ஒயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறினால் 140 அளவுக்கு இறங்கலாம். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாற்றச் சொல்வது கராஜ்காரன் உழைக்க இல்லை. பெடல் கெட்டியாக நிற்குது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகல் மணமும் வருது என்றால் லைனர் தோற்றுப் போச்சு.

இப்போ நான் கேட்கிறேன்: பின்னால பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பிளேட் கூட்டிப் போட்டிருக்கிறீங்களா? போட்டிருப்பீங்கள். மரக்கறி லோட் அடிக்கிற வண்டியில் போடாதவர்கள் குறைவு.

போன வருசம் இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருக்கா முன் பேட் முடியுது என்ற முறைப்பாடு. பின் ட்ரம்மைக் கழற்றினால் லைனர் அப்பத்தான் போட்டது மாதிரி, ஓரத்துப் பெயின்ற் கூட அழியவில்லை. டோர்ச்சோடு கீழே படுத்துப் பார்த்தேன். சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) ஒரு வால்வு, அதிலிருந்து பின் எக்ஸலுக்கு (பின்சில்லுகளின் அச்சு) ஒரு கம்பி. பெட்டியில் பாரம் ஏறினால் சேஸிஸ் தாழும், அந்தக் கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். பிளேட் கூட்டியதால் சேஸிஸ் தாழவே இல்லை. ஒரு தொன் உருளைக்கிழங்கு பெட்டியில் இருக்க, வால்வு வண்டி வெறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தது. முன் டிஸ்க்தான் தனியாக முழுப்பாரத்தையும் இழுத்துப் பிடித்திருக்கு. கம்பியை உயரத்துக்கேற்ப செற் பண்ணினேன், சூவை அட்ஜஸ்ட் பண்ணினேன். டிஸ்க் எதுவும் போடவில்லை.

முதலில் அதைப் பாருங்கோ. இறக்கத்தில் இரண்டாம் கியரில் வாங்கோ, நியூட்ரல் வேண்டவே வேண்டாம். பெற்றோல் மிச்சம் என்று கொத்மலைப் பக்கம் நியூட்ரலில் உருட்டுகிறவர்களை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

கொட்டாஞ்சேனை: பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடையில டிஸ்க்கோட ஒரு எக்ஸல் மலிவாக் கிடக்கு. என்ர பழைய கெப்புக்குப் பூட்டினால் என்ன?

பூட்டலாம். பூட்டினபிறகுதான் கதை. பேட்டை அழுத்துகிற டிஸ்க் கலிப்பருக்கு ஒயில் கூடத் தேவை, பெடல் மிதித்தால் ஒயிலைத் தள்ளுகிற உங்கள் மாஸ்டர் சிலிண்டர் ட்ரம்முக்கு அளந்தது. பழைய வண்டிகள் சிலவற்றில் ட்ரம் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வும் இருக்கும். அதோடு டிஸ்க்கைப் பூட்டினால் பேட் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிளை எங்கே கொழுவுவீங்கள்? ஏபிஎஸ் (சில்லு பூட்டாமல் தடுக்கிற அமைப்பு) இருந்தால் அதன் கணக்கும் பிழைக்கும். வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் இப்படி ஒட்டுப்போட்ட வண்டிகள் நிறைய வந்தது. அவற்றில் இரண்டை மழை ரோட்டில் நானே ஓட்டிப் பார்த்து, பயந்து திரும்பி வந்தேன்.

தெமட்டகொடை: அப்ப டிஸ்க்கில ஒரு நன்மையும் இல்லையோ?

இருக்கு. தண்ணீரை உடனே உதறிவிடும், சூட்டை வெளியே விடும், சில்லைக் கழற்றாமலே பேட்டைப் பார்க்கலாம். மலைநாட்டில் கிழமைக்கு நாலு தரம் ஓடுகிறவர் புதிதாக வாங்கினால் டிஸ்க் வந்த மாடலையே எடுக்கச் சொல்வேன். ஆனால் சேற்றிலும் மணலிலும் ஓடினால் பின் பேட் சீக்கிரம் தேயும். அமெரிக்காவில் செவ்ரோலெட் சில்வராடோவுக்கு 1999இல் நாலு சில்லுக்கும் டிஸ்க் போட்டவர்கள், 2005இல் அரைத் தொன் மாடலுக்குப் பின்னால திரும்ப ட்ரம் போட்டார்கள்.

கொலன்னாவை: 2016 வெள்ளத்தில வண்டி நின்றது. அதுக்குப் பிறகு மழைக்குப் பயம். தண்ணியால போனால் என்ன செய்யவேணும்?

வெளியே வந்ததும் மெதுவாக ஓடிக்கொண்டே பெடலை லேசாக மிதியுங்கோ, சூ காயும். வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் ட்ரம்மைக் கழற்றித்தான் ஆகவேணும். உள்ளே சேறு களிம்பு மாதிரி ஒட்டியிருக்கும்.

கல்கிசை: கடற்கரைப் பக்கம் வீடு. பத்து நாள் நிறுத்தினால் பின்சில்லு இறுகிப் போகுது.

உப்புக்காற்றில் துருப்பிடித்து லைனர் ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளுது அக்கா. சமதரையில் நீண்டநாள் நிறுத்துவதென்றால் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கோ. ஏற்கெனவே இறுகியிருந்தால் எஞ்சினால் இழுத்துப் பிய்க்க வேண்டாம், லைனர் சூவை விட்டுக் கழன்று வரும்.

நுகேகொடை: நான் பெண் என்பதாலோ என்னவோ, கராஜில எதையும் விளங்கப்படுத்துறாங்கள் இல்லை. ‘ட்ரம் முடிஞ்சுது, புதுசு போடுவம்’ என்றாங்கள். நம்பலாமா?

ட்ரம்மிலேயே உச்ச விட்டம் பொறித்திருக்கும், பெரும்பாலும் புது அளவை விட 2 மில்லிமீற்றர் கூட. உங்களுக்கு முன்னால அளக்கச் சொல்லுங்கோ. அதற்குள் இருந்தால் லேத்தில் ஸ்கிம் பண்ணலாம் (உட்பக்கத்தைச் சீவலாம்), தாண்டினால் அவர்கள் சொல்வது சரி. சூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கிக் காட்டச் சொல்லுங்கோ, உள்ளே ஈரமாக இருந்தால் ஒழுகுது. சூ மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றவேணும். கொம்பிரசரால் தூசியை ஊதத் தொடங்கினால் தூரப் போங்கோ. பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். என்ர பெடியன்களுக்கும் நான் ஈரத்துணிதான் கொடுக்கிறது.

மட்டக்குளி: ரிவர்ஸில பிரேக் அடிச்சா முதல்தரம் மட்டும் ‘டக்’ என்று சத்தம். பயமா?

ஒருதரம் மட்டும் என்றால் சூ மறுபக்கம் சாய்ந்து இருக்கிற சத்தமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தரமும் கேட்டால் கொண்டுவாங்கோ. ஞாயிறு பூட்டு.