மகள் கையால் எழுதிய காய்ச்சல்

கேள்வி: சூரிச் மாநிலத்தில் வசிக்கிறோம். கணவருக்கு உணவகச் சமையலறையிலும் எனக்குத் துப்புரவுப் பணியிலும் வேலை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகளின் பள்ளி, வருகிற ஜனவரியில் பிள்ளைகளை ஃப்ளும்சர்பெர்க் என்ற மலையில் ஐந்து நாள் ஸ்கீ (பனிச்சறுக்கு) முகாமுக்கு அழைத்துச் செல்கிறது. செலவுக்கும் பயம், கை கால் முறிந்துவிடும் என்றும் பயம். பெண் பிள்ளையை இரவில் வெளியே தங்க விடுவது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. போன வருடம் காய்ச்சல் என்று கடிதம் கொடுத்தோம். எனக்கு ஜெர்மன் எழுத வராததால் அவளே எழுதினாள், நான் கையெழுத்து வைத்தேன். இம்முறை அவளே "வேண்டாம் அம்மா" என்கிறாள். விளங்கிக்கொள்ளும் பிள்ளைதான், ஆனால் முகம் வாடியிருக்கிறது. அவளை எப்படித் தேற்றுவது?

பதில்: சகோதரி, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. தனக்கு வராத காய்ச்சலை, எழுத்துக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கே, அங்கே கற்ற மொழியில் ஒரு சிறு பிள்ளை எழுதியிருக்கிறாள். தாய் அதன் கீழே கையெழுத்து வைத்திருக்கிறார். முகாம் முடிந்து வந்த பிள்ளைகள், பனிச்சறுக்குக் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்து மற்ற முகமெல்லாம் வெயிலில் கறுத்துச் சிவந்து வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, "இப்போது சுகமா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். அதற்கும் அவள்தான் பதில் சொல்லியிருப்பாள். அந்த நாளைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை.

அவளை "விளங்கிக்கொள்ளும் பிள்ளை" என்கிறீர்கள். கேட்டால் மறுபடியும் பொய் எழுத வேண்டியிருக்கும் என்பதைத்தான் அவள் விளங்கிக்கொண்டிருக்கிறாள். பெற்றோரின் வறுமையைப் பிள்ளை அறியலாம், அறியத்தான் வேண்டும். அதை மறைக்கும் வேலையைப் பிள்ளையின் தலையில் வைக்கப் பெற்றவர்களுக்கு உரிமை இல்லை.

செலவு என்கிறீர்கள், எவ்வளவு என்று பள்ளியிடம் கேட்டீர்களா? கட்டாயப் பாடத்தின் பகுதியாக நடக்கும் முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டுமே வாங்கலாம் என்றும், அது பிள்ளையின் வயதுக்கேற்ப நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்குக்கு மேல் போகக்கூடாது என்றும் சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஐந்து நாளுக்குக் கணக்குப் போட்டாலும் 80 பிராங்கைத் தாண்டாது. உங்கள் பள்ளியின் முகாம் விருப்பத்துக்கு விடப்பட்டது என்றால் தொகை கூடலாம். அப்போதும் வாய் திறந்து உதவி கேட்பதில் இழிவு எதுவும் இல்லை. உடுப்பு, பழைய பொருள் விற்கும் புரொக்கிக் கடையில் கிடைக்கும். ஸ்கீயும் சப்பாத்தும் வாடகைக்குக் கிடைக்கும்.

கை கால் முறியாது என்று நான் உத்தரவாதம் தரப்போவதில்லை. விழுவார்கள், விழுந்துதான் பழகுவார்கள். ஆனால் முதல் தடவை போகிற பிள்ளையை யாரும் மலை உச்சியிலிருந்து தள்ளிவிடுவதில்லை. தட்டையான இடத்தில், பிள்ளைகளை நிற்க வைத்தபடியே மேலே இழுத்துச் செல்லும் ஓடுபட்டையில் தொடங்கி, பிறகுதான் நீல நிறம் குறித்த எளிய சரிவுகளுக்குப் போவார்கள். சிவப்பும் கறுப்பும் குறித்த கடினமான சரிவுகள் அவளுக்கு இப்போதைக்கு இல்லை. மாமியாரின் கவலைக்கு, பெண் பிள்ளைகள் எங்கே, யாருடைய பொறுப்பில் தங்குகிறார்கள் என்று ஆசிரியையிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

முகாமுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவருக்கு விடுப்பு இருக்கும் நாளாகப் பார்த்து, மாமியாரையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் அங்கே போய் வாருங்கள். வாலன்சே ஏரிக்கரையில் உன்டர்டெர்சன் ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே கொண்டோலா, அதாவது கம்பியில் தொங்கி மலையேறும் பெட்டி, நிற்கிறது. சுமார் 430 மீட்டர் உயரத்தில் இருக்கும் கரையிலிருந்து அது ஃப்ளும்சர்பெர்க்கில் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள டன்னன்போடனுக்கு உங்களை ஏற்றிவிடும். ஏறும்போது ஏரிக்கு அக்கரையில் கூர்ஃபிர்ஸ்டன் மலைத்தொடரின் செங்குத்துச் சுவர் எழுந்து நிற்பதையும், அதன் அடியில் சாலையே இல்லாத குவின்டன் என்ற சிற்றூரையும் பார்ப்பீர்கள். மேலே உறைபனி கிடக்க, கீழே அந்த ஊரில் அத்திமரமும் திராட்சையும் வளர்கின்றன. மாமியாருக்கு அந்த அத்திமர ஊரைக் காட்டுங்கள், பாதி எதிர்ப்பு அங்கேயே இறங்கிவிடும். மலைத்தொடரின் ஏழு சிகரங்களையும் மகள் எண்ணிக் காட்டட்டும். 2,306 மீட்டர் உயரமுள்ள ஹின்டர்ருக்தான் அவற்றில் உயரமானது என்பது அவளுக்குத் தெரிந்தே இருக்கும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆசிரியையைச் சந்தித்து, போன வருடம் காய்ச்சல் இல்லை, காசுக்கும் பயத்துக்கும் நாங்கள்தான் அப்படி எழுத வைத்தோம் என்று நீங்களும் கணவரும் சொல்ல வேண்டும். மகளை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள். பிறகு இந்த வருடப் படிவத்தை மேசையில் வைத்து நீங்களே நிரப்புங்கள். பிழை வரும், வரட்டும். அதை மகளிடம் திருத்தக் கொடுக்காமல் அப்படியே உறையில் போட்டு அனுப்புங்கள்.