பழைய அம்பாசிடரின் விளக்குச் சுவிட்ச்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் தகப்பனார் வாங்கிய பழைய அம்பாசிடர் காரை இன்றளவும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறேன். டாஷ்போர்டில் இருந்த விளக்குச் சுவிட்ச் உடைந்துபோனதால், கடைத்தெருவில் கிடைத்த வேறொன்றை வாங்கி, நிறமே தெரியாதபடி அழுக்கேறிய மூன்று ஒயர்களையும் உத்தேசமாக மாட்டினேன். இப்போது முதல் நிலையிலேயே ஹெட்லைட் எரிகிறது; பார்க்கிங் விளக்கும் பின்விளக்கும் இரண்டாம் நிலைக்குப் போனால்தான் எரிகின்றன. அதோடு, காலால் மிதித்து டிம்முக்கு மாற்றும்போது இடப்பக்க ஹெட்லைட் மங்கி, மீட்டரில் உள்ள நீல விளக்கும் லேசாக ஒளிர்கிறது. புதிய சுவிட்ச் பழுதா?
– ஒரு வாசகர், மன்னார்குடி.

பதில்: சுவிட்ச் பழுதில்லை. தங்கள் வண்டியில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு கோளாறுகள் உள்ளன. இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டதால் ஒன்றாகத் தோன்றுகின்றன.

இவ்வகைச் சுவிட்சில் மின்சாரம் வந்து சேரும் முனை ஒன்று, வெளியேறும் முனைகள் இரண்டு. முதல் நிலையில் பார்க்கிங் முனைக்கு மட்டும் மின்சாரம் செல்லும். இரண்டாம் நிலையில் அதை விட்டுவிடாமலே ஹெட்லைட் முனைக்கும் சேர்ந்து செல்லும். தாங்கள் எழுதியபடி முதல் நிலையில் ஹெட்லைட்டும் இரண்டாம் நிலையில் எல்லாமும் எரிகின்றன என்றால், வெளியேறும் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றன என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க வாய்ப்பில்லை. அவ்விரண்டையும் மாற்றி மாட்டினால் போதும்.

எது எந்த ஒயர் என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனத்தின் நிறமுறைப்படி பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, பார்க்கிங்குக்கும் பின்விளக்குக்கும் போவது சிவப்பு, ஹெட்லைட்டுக்காகக் கால் சுவிட்சுக்குப் போவது நீலம்; அங்கிருந்து பிரைட்டுக்கு வெள்ளைக் கோடு போட்ட நீலமும் டிம்முக்குச் சிவப்புக் கோடு போட்ட நீலமும் பிரியும்; எர்த், அதாவது பாடி வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, கறுப்பு. ஆனால் பல கைகள் பட்ட வண்டியில், கையில் அகப்பட்ட ஒயரைக் கொண்டு ஒட்டுப்போட்டிருப்பார்கள். ஆகவே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மூன்று ஒயர்களையும் பிரித்து, நுனிகள் எதிலும் படாதபடி தனித்தனியே விலக்கி வைத்த பின் மீண்டும் பேட்டரியை இணையுங்கள். 12 வோல்ட் டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பாடியில் பொருத்தி, மறுமுனையால் ஒவ்வொரு ஒயரையும் தொட்டால் எதில் எரிகிறதோ அதுவே வரத்து ஒயர். மற்ற இரண்டுக்கும், நடுவில் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு துண்டு ஒயரால் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தால், எந்த விளக்கு எரிகிறது என்பதே விடை சொல்லிவிடும். அந்த ஃபியூஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். அக்கால லூகாஸ் முறை வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் சுற்றுக்கு ஃபியூஸே கிடையாது, வரத்து ஒயர் பாடியில் உரசினால் ஒயர்க்கட்டு முழுவதும் கருகிவிடும்.

இனி அந்த நீல விளக்கு. பலர் இந்த இடத்தில்தான் கால் சுவிட்சைக் குறை சொல்லிப் புதியது வாங்கிப் பணத்தை வீணாக்குகிறார்கள். தங்கள் இடப்பக்க ஹெட்லைட்டின் எர்த் அறுந்திருக்கிறது, அல்லது துருப்பிடித்திருக்கிறது. பல்பினுள் டிம், பிரைட் இழைகள் இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அது இல்லாமற்போகும்போது, வடிகால் அடைபட்ட வயலின் தண்ணீர் அடுத்த வயல் வழியாக வடியப் பார்ப்பதைப் போல, டிம் இழைக்குள் வந்த மின்சாரம் அதே பல்பின் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கிச் சென்று, பிரைட் ஒயரை அடைந்து, வலப்பக்க பல்பின் பிரைட் இழை மூலமாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. நீல விளக்கும் அந்தப் பிரைட் ஒயரிலேயே இணைந்திருப்பதால் அதுவும் அரைகுறையாக ஒளிர்கிறது. இதை உறுதி செய்ய, டிம்மில் வைத்துக்கொண்டு, இடப்பக்க ஹெட்லைட்டின் எர்த் முனையிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு ஒரு தனி ஒயரைத் தொட வைத்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்து நீல விளக்கு அணைந்தால் ஐயமில்லை. சேசிஸில் ஒரு போல்ட்டின் அடியில் பெயிண்டும் துருவும் போகச் சுரண்டி, புதிய எர்த் ஒயரை அங்கே முடுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையும் நம் பக்கத்து வண்டிகளுக்கு, அதிலும் வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில், அந்த கிரீஸ் அவசியம். வைக்கோல் போரை ஒட்டி வண்டியை நிறுத்துபவராயின், எலி கடித்த இடம் உண்டா என்றும் ஒயர்க்கட்டை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

கேள்வி: ஹாலஜன் பல்பு போட்ட பிறகு விளக்குச் சுவிட்ச் சூடாகிறது. ரிலே வைப்பது அவசியமா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி.

பதில்: அவசியம். ரிலே என்பது சிறிதளவு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச். பிரைட்டில் 60 வாட் பல்புகள் இரண்டு சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கின்றன. பழைய சுவிட்சின் தேய்ந்த பித்தளைத் தகடு அதைத் தாங்குவது கடினம். சூடு என்பது வீணாகும் வோல்ட்டேஜ்தான். பல்புக்குச் சேர வேண்டியதில் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். கால் சுவிட்சுக்கு அப்பால் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்களை வையுங்கள். ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்குப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக வரத்து, 87 என்ற முனையிலிருந்து விளக்குகளுக்கு, 85, 86 என்ற முனைகளில் ஒன்று எர்த்துக்கு, மற்றொன்று கால் சுவிட்சிலிருந்து வரும் பழைய ஒயருக்கு. வரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். ஆனால் வண்டிக்கென்று விற்கும் பல இழை ஒயராக அது இருக்கட்டும், ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்வில் முறிந்துவிடும்.