ஜாரின் இரண்டாவது மகள், ஒரு நர்ஸ்

கேள்வி: ரஷ்யாவின் கடைசி ஜாருக்கு நான்கு மகள்கள். எல்லோரும் அனஸ்தாசியாவைப் பற்றியே பேசுகிறார்களே, மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

1918-ல் ஜாரின் குடும்பத்தையே சுட்டுக் கொன்றபோது அனஸ்தாசியா மட்டும் தப்பித்துவிட்டாள் என்று ஒரு புரளி கிளம்பி, "நான்தான் அவள்" என்று பல பேர் வந்து நின்றதால் வந்த பிரபலம் அது. உண்மையில் யாருமே தப்பவில்லை. 2007-ல் மிச்ச எலும்புகளும் கிடைத்து, டி.என்.ஏ. சோதனையோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் சொல்ல வந்தது இரண்டாவது மகள் தத்தியானாவைப் பற்றி. இருபது வருஷத்துக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள் நான். எனவே என் பதிலில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தத்தியானா பிறந்தது 1897 ஜூன். அரண்மனைப் பிள்ளைகள் என்றாலும் அக்கா தங்கைகள் படுத்தது மடக்குக் கட்டிலில், காலையில் குளித்தது பச்சைத் தண்ணீரில். வீட்டில் எல்லோரையும் மேய்ப்பவள் என்பதால் தத்தியானாவுக்கு வைத்த பட்டப்பெயர் 'வாத்தியாரம்மா'.

1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் அம்மா அலெக்சாந்திராவும் அக்கா ஓல்காவும் இவளும் வேரா கெத்ரோயிட்ஸ் என்ற பெண் சர்ஜனிடம் நர்சிங் பயின்றார்கள். சும்மா போட்டோவுக்கு நின்றது இல்லை. சீழ் பிடித்த காயங்கள், கை கால் எடுக்கிற ஆபரேஷன்கள் எல்லாம் பார்த்தார்கள். ஓல்காவுக்கு நாளடைவில் மனசு தாங்கவில்லை, தியேட்டர் வேலையை விட்டுவிட்டாள். பதினேழு வயது தத்தியானா விடவில்லை. சாயங்காலம் திரும்ப வந்து கருவிகளைச் சுத்தம் செய்வாளாம். கார்பாலிக் என்ற கிருமிநாசினியின் புகை உனக்கு வேண்டாம் என்று மூத்த நர்ஸ் ஒருவர் தடுத்தபோது, நீங்கள் சுவாசிக்கலாம், நான் கூடாதா என்று கேட்டிருக்கிறாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அங்கேதான்.

இன்னொன்று. அகதிகளுக்கான கமிட்டி ஒன்றுக்கு அவள் பெயரையே வைத்திருந்தார்கள். கூட்டத்தில் தெரிந்த சீமாட்டி ஒருவர் "இளவரசியார் அவர்களே" என்று ஆரம்பிக்க, அந்த மரியாதை பிடிக்காமல் மேஜைக்கு அடியில் அவரைக் காலால் எத்திவிட்டாள்!

1917 மார்ச்சில் புரட்சி வந்து அப்பா முடியைத் துறந்தார். அப்புறம் சைபீரியாவில் தொபோல்ஸ்க் ஊரில் காவல். 1918 ஏப்ரலில், ஆட்சியைப் பிடித்திருந்த போல்ஷெவிக் புரட்சிக்காரர்கள் அப்பா, அம்மா, தங்கை மரியா மூவரை மட்டும் யெகாதெரின்பர்க் நகருக்குக் கொண்டுபோனார்கள். தம்பி அலெக்சேய்க்கு ரத்தம் உறையாத வியாதி, அசைக்க முடியாத நிலை. அவனைப் பார்த்துக்கொள்ள நின்றது தத்தியானா. அந்த நேரம் யெகாதெரின்பர்க்கில் இருந்து கடிதம் வருகிறது, 'மருந்துகளை' பேசி வைத்தபடி செய்துவிடுங்கள் என்று. மருந்து என்றால் நகை. வைரங்களையும் முத்துகளையும் உள்சட்டைகளுக்குள் வைத்துத் தைத்தார்கள். முன்னால் நின்று பார்த்துக்கொண்டவள் நம் நர்ஸ்தான்.

மே 23-ம் தேதி இவர்களும் யெகாதெரின்பர்க் போய் இறங்கினார்கள். பிள்ளைகளின் ஆசிரியர் ஜில்லியார் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். மழை. கடைசியாக வருகிறாள் தத்தியானா. ஒரு கையில் நாய்க்குட்டி, இன்னொரு கையில் கனத்த பழுப்புப் பெட்டி. அடிக்கு அடி கால் சேற்றில் புதைகிறது. தம்பியைக் கவனிக்கும் மாலுமி நகோர்னி ஓடிப்போய்த் தூக்கப் பார்க்க, அதிகாரி ஒருவர் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

எட்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 16 இரவு தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி, அவர்களை அடைத்து வைத்திருந்த இபாத்தியேவ் வீட்டின் கீழறைக்கு அழைத்துப்போனார்கள். குடும்பத்தில் ஏழு பேர், டாக்டர் போத்கின், பணியாளர்கள் மூவர். அதிகாலையில் சுட ஆரம்பித்தபோது பெண்கள் மேல் பட்ட குண்டுகள் தெறித்தன. துப்பாக்கிக் கத்தியால் குத்தியும் சரியாக இறங்கவில்லை. சுட்டவர்களுக்கே காரணம் புரியவில்லை. பிறகு உடல்களைக் களைந்தபோதுதான் வைரங்கள் கண்ணில் பட்டன. உயிரைக் காக்காமல் சாவை மட்டும் இழுத்தடித்தது அந்த 'மருந்து'.

அப்போது தத்தியானாவுக்கு 21 வயது.