வார்டு குரூப்பில் போட்ட ரிப்போர்ட்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டூட்டியில் ஈசிஜி, லேப் ரிப்போர்ட், புண்ணின் போட்டோ எல்லாவற்றையும் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில்தான் போடச் சொல்கிறார்கள். பில்லிங், பார்மஸி ஆட்களும் அதில் உண்டு. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணின் எச்ஐவி ரிப்போர்ட்டும் அதில் வந்தது. இரண்டே நாளில் அவள் நாத்தனார் காதுக்குப் போய்விட்டது. "டாக்டருக்குத் தெரியாமல் எப்படி வைத்தியம் பார்ப்பதாம்?" என்கிறார் சீனியர். யார் மேல் தப்பு?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: சீனியர் சொல்வதில் பாதி சரி. நடுராத்திரி நெஞ்சுவலியோடு வந்தவரின் ஈசிஜியை வீட்டில் இருக்கும் டாக்டருக்கு அனுப்பாமல் விடியட்டும் என்று இருந்தால் அதுதான் பெரிய தப்பு. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்களே வாட்ஸ்அப் வழி ஆலோசனையை ஏற்கின்றன. ஆனால் டாக்டருக்கு அனுப்புவது வேறு, குரூப்பில் போடுவது வேறு. பில் போடுகிறவருக்கு அந்த ரிப்போர்ட் எதற்கு?

எச்ஐவி என்றால் சட்டம் இன்னும் கறார். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, சம்பந்தப்பட்டவர் சம்மதமில்லாமல் விஷயத்தை வெளியே விடக்கூடாது. சிகிச்சைக்கு அவசியமென்றால், சிகிச்சை தருபவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். பிரசவம் பார்க்கிற டாக்டருக்கும், பிறந்ததும் பிள்ளைக்கு மருந்து தொடங்க வேண்டிய குழந்தை டாக்டருக்கும் தெரிந்தே ஆக வேண்டும். அதோடு சரி. குரூப்பில் போட்டவர் மேலும் தப்பு, வெளியில் சொன்னவர் மேலும் தப்பு. இப்படியொரு குரூப்பை வைத்து வேலை வாங்கும் நிர்வாகத்தின் தப்பு இரண்டையும்விடப் பெரியது.

இனி டாக்டரின் நம்பருக்கு மட்டும் அனுப்புங்கள். ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் பெயர், வயது இருக்கும். அதை வெட்டிவிட்டு ஐபி நம்பரை, அதாவது உள்நோயாளி எண்ணைப் போடுங்கள். பெயரை மறைக்கப்போய் ஆள் மாறிவிடக் கூடாது, அதனால் கூப்பிட்டு எந்த பெட் என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். புண்ணை போட்டோ எடுக்கும் முன், "டாக்டருக்கு அனுப்பப் போறேம்மா, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டாக்டர் வாட்ஸ்அப்பில் சொல்கிற மருந்தை உடனே கேஸ் ஷீட்டில் ஏற்றி, ரவுண்ட்ஸ் வரும்போது கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாளைக்கு ஒன்று ஆனால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

உங்கள் போனையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படம் தானாக கேலரியில் சேரும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் போகலாம். வீட்டில் பிள்ளைகள் கேம் விளையாட வாங்குகிற அதே போன்தானே! அந்த செட்டிங்கை நிறுத்திவிடுங்கள். உண்மையில் வார்டுக்கென்று ஒரு போன் வாங்கித் தர வேண்டியது மருத்துவமனையின் வேலை. நர்ஸின் சொந்த போனில் ஆஸ்பத்திரி நடத்துவது என்ன நியாயமோ!

அந்தப் பெண்ணுக்கு 1097 என்ற இலவச எச்ஐவி உதவி எண்ணைச் சொல்லலாம், தனியாக இருக்கும்போது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற மருத்துவமனையில் அந்த எச்ஐவி சட்டப்படியே ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் அவர் யார் என்று நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.