படி ஏறினால் தொடை எரிவது ஏன்? தயிரை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: வணக்கம்ங்க டாக்டர். வயசு 46, ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறேன். போன கிருத்திகைக்குச் சென்னிமலைப் படியை வேகமா ஏறி இறங்கினேன். பாதியிலயே தொடை எரிஞ்சு மூச்சு வாங்குச்சு. அடுத்த ரெண்டு நாள் உட்கார்ந்தா எந்திரிக்க முடியலை. லாக்டிக் அமிலம் சேர்ந்திருக்கும், தயிர் மோரை நிறுத்துன்னு சொல்றாங்க. நிறுத்தணுங்களா?

பதில்: வேண்டாம்ங்க. ஏறும்போது வந்த எரிச்சல் வேறு, மறுநாள் வந்த வலி வேறு. தயிருக்கு இரண்டிலும் பங்கில்லை.

தசைச் செல் ஒரு குளுக்கோஸை முதலில் இரண்டு பைருவிக் அமிலமாக உடைக்கிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஆனால் மிஞ்சுவது 2 ஏடிபிதான். ஏடிபி என்பது செல்லின் ஆற்றல் மூலக்கூறு; தசை சுருங்கச் செலவாவது அதுதான். நிதானமாக நடந்தால், பைருவிக் அமிலம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் ஆக்சிஜனோடு கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் முழுதாக மாறும். அப்போது மொத்தம் 30 முதல் 32 ஏடிபி வரை கிடைக்கும்.

விறுவிறுவென்று ஏறும்போது தொடை கேட்கும் வேகத்துக்கு மைட்டோகாண்ட்ரியாவால் ஈடுகொடுக்க முடியாது. தேங்கும் பைருவிக் அமிலம் லாக்டிக் அமிலமாகிறது. தொடை எரிவது இந்தக் கட்டத்தில்தான். இது வீண் வேலை இல்லை. குளுக்கோஸை உடைக்க என்ஏடி என்ற துணைப்பொருள் வேண்டும். லாக்டிக் அமிலம் உண்டாகும்போதுதான் அது திரும்பக் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் அந்த 2 ஏடிபியும் நின்றுபோகும். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவும் இதே நொதித்தலைத்தான் செய்கிறது. அதற்காக, நீங்கள் குடிக்கும் மோர் தொடையில் போய்த் தங்குவதில்லை.

ஓய்வில் ரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிமோல் இருக்கும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் ரத்தத்தில் இருக்கும் வடிவம்), கடும் உழைப்பில் 10-ஐத் தாண்டலாம். ஆனால் இதயம் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வலிக்குக் காரணம் இறங்கியதுதான். ஒவ்வொரு படியிலும் உடல் எடையைத் தாங்கிக்கொண்டே தொடைத்தசை நீள்கிறது. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய சிதைவும் வீக்கமும் வந்து, 24 முதல் 72 மணி நேரத்தில் வலி உச்சத்துக்குப் போகும்.

அடுத்த முறை பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் போங்கள். மேலே போனதும் உடனே உட்காராமல் பத்து நிமிடம் மெதுவாக நடந்தால் லாக்டேட் சீக்கிரம் குறையும். இறங்கும்போது அவசரமே கூடாது. வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகநடை நடந்தால், சில வாரங்களில் தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகும். அதே படியில் எரிச்சல் தள்ளி வரும்.

சர்க்கரை உள்ளவர் என்பதால், மறுபடி ஏறுமுன் மருத்துவரைப் பார்த்து ஈசிஜி எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயில் இதய அடைப்பு நெஞ்சுவலி இல்லாமல் மூச்சிரைப்பாக மட்டும் வரலாம். மெட்ஃபார்மினால் லாக்டிக் அமிலம் ஏறுவது மிக அரிது. பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டவர்களுக்குத்தான். நீங்களாக நிறுத்தாமல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பாருங்கள். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றே கேளுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

தொடை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது.