திமிங்கிலத்துக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்யும்?

மிரிஸ்ஸவுக்குத் திமிங்கிலம் பார்க்கப் போய்வந்த ஒருவர் எங்கள் வாசகர் வட்டத்தில் கேட்ட ஒரு கேள்வியில் ஆரம்பித்தது இது. கடல் உயிரியல் படித்த ஆள் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரே விஷயத்தைக் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

வெள்ளவத்தை வாசகி: சுற்றிவர உப்புத்தண்ணீர். திமிங்கிலமும் டொல்பினும் எதைக் குடிக்கின்றன?

பெரும்பாலும் எதையும் குடிப்பதில்லை அக்கா. சாப்பிடுகின்றன, அவ்வளவுதான். ஒரு மீனின் உடம்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அதுவும் கடலளவு உப்பான தண்ணீர் இல்லை. கடல் மீன்கள் கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடுகின்றன. அதனால் அவற்றின் உடல்நீரில் இருக்கும் உப்பு, கடலில் இருப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். உப்பைப் பிரிக்கும் கஷ்டமான வேலையை மீன் செய்து முடித்த பிறகு டொல்பின் வந்து அதை விழுங்குகிறது. இரையோடு சேர்ந்து கொஞ்சம் கடல்நீரும் வயிற்றுக்குள் போகத்தான் செய்யும். ஆனால் அதை நம்பி அவை வாழவில்லை.

பம்பலப்பிட்டி, ஓ/எல் மாணவன்: நாங்கள் கடல்நீர் குடித்தால் என்ன? வெளியேதானே போய்விடும்?

கணக்குப் போட்டுப் பார் தம்பி. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. எங்கள் சிறுநீரகம் எவ்வளவு முயன்றாலும் ஒரு லீற்றர் சிறுநீரில் ஏறக்குறைய 20 கிராம் உப்பைத்தான் அனுப்ப முடியும். அப்படியென்றால் குடித்த 35 கிராமை வெளியேற்ற ஒன்றே முக்கால் லீற்றர் சிறுநீர் வேண்டும். குடித்தது ஒரு லீற்றர். மிச்ச முக்கால் லீற்றர் உன் உடம்பிலிருந்துதான் போகும். குடிக்கக் குடிக்க வறண்டுபோவாய்.

கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர்: உப்புக் கடலில் பிடித்த மீன்தானே, பிறகேன் கறிக்கு நான் உப்புப் போடவேண்டியிருக்கிறது?

வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான் அம்மா. முதல் கேள்விக்கான சான்று உங்கள் சட்டியிலேயே இருக்கிறது. மீன் உப்பை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, அதனால்தான் கறிக்கு உப்புத் தேவைப்படுகிறது.

கணவாய், இறால், நண்டு எல்லாம் வேறு விதம். அவற்றின் உடல்நீருக்கும் கடலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சில இறால், நண்டு வகைகள் மட்டும் ஓரளவு விலகும். அப்படியென்றால் இறால் சதை ஏன் உப்புக் கரிக்கவில்லை என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். தசைக் கலங்களுக்குள் உப்பை அடைத்தால் கலம் ஒழுங்காக வேலை செய்யாது. அதனால் உப்பின் இடத்தில் கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்து வைத்துக் கடலுக்கு ஈடுகொடுக்கின்றன. கிளைசின் இனிப்பானது. புது இறாலில் நாங்கள் ரசிக்கும் அந்த இனிப்பு, உண்மையில் அது கடலோடு நடத்தும் போராட்டத்தின் சுவை.

அதே அம்மா, மறுபடியும்: அப்படியானால் கணவாய் தின்னும் திமிங்கிலத்தின் பாடு?

கஷ்டம்தான். கணவாயை நம்பி வாழும் விந்துத் திமிங்கிலத்துக்கு மீன் தின்னும் டொல்பினை விட ஒவ்வொரு வாயிலும் உப்பு அதிகம். நீலத் திமிங்கிலமும் அப்படியே. தென்துருவப் பக்கம் அது இறால் போன்ற கிறில் என்ற குட்டி உயிரினத்தைத் தின்னும். எங்கள் தென்கடலில் தின்பது கூனியின் சொந்தக்காரரான ஒரு குட்டி இறால் வகை. இந்த உப்பைச் சிறுநீரகம்தான் சமாளிக்க வேண்டும்.

தெமட்டகொடை ஆசிரியர்: திமிங்கிலத்தின் சிறுநீரகம் அதிசயமானது என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். சரிதானே?

அமைப்பு விசேஷமானது, ஆற்றலை மட்டும் கொஞ்சம் பெரிதாகச் சொல்லிவிடுகிறோம் ஐயா. எங்களுடையது ஒரே துண்டு. திமிங்கிலத்துடையது திராட்சைக் குலை போல நூற்றுக்கணக்கான, பெரிய இனங்களில் ஆயிரக்கணக்கான, குட்டிச் சிறுநீரகங்கள் சேர்ந்தது. ஒவ்வொன்றும் தனியாக வடிகட்டும். பிரமாண்டமான உடம்பில் வடிகட்டும் குழாய்களை அளவுக்கு மீறி நீட்டாமல் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள இது உதவுகிறது.

ஆனால் சிறுநீரைச் செறிவாக்கும் திறமையில் டொல்பின் உலக வீரன் இல்லை. எங்களை விடக் கெட்டிக்காரன், கடலை விட உப்பான சிறுநீர் கழிக்கும், அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பூனை அதை முந்திவிடும். பூனையால் கடல்நீரைக் குடித்தே ஓரளவு தாக்குப்பிடிக்க முடியும் என்று 1950களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாலைவன எலிகளைக் கேட்கவே வேண்டாம். ஆகவே பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். வீணாக்காமல் இருப்பதும் பாதிக் கதை. திமிங்கிலத்துக்கும் டொல்பினுக்கும் வியர்வைச் சுரப்பியே கிடையாது. கொழும்பு வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நாங்கள் இழக்கிற தண்ணீர், அவற்றுக்கு இல்லாத செலவு.

பம்பலப்பிட்டி, ஏ/எல் மாணவி: 100 கிராம் கொழுப்பை எரித்தால் 107 கிராம் நீர் கிடைக்கும் என்று ஒரு நோட்ஸில் இருக்கிறது. அச்சுப்பிழையா?

பிழை இல்லை தங்கச்சி. கொழுப்பில் ஐதரசன் நிறைய இருக்கிறது. நீராக மாறும்போது ஒவ்வொரு இரண்டு ஐதரசனும் சுவாசித்த காற்றிலிருந்து ஓர் ஒட்சிசனைச் சேர்த்துக்கொள்ளும். எடை கூடுவது அந்த ஒட்சிசனால். காற்றிலிருந்து வந்த பகுதியை நோட்ஸ் சொல்லாமல் விட்டதால்தான் உனக்குப் பிழை மாதிரித் தெரிகிறது.

மாப்பொருள் 100 கிராமுக்கு சுமார் 56 கிராம் நீர், புரதத்துக்கு 40 கிராம் அளவு. புரதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது எரிந்தால் யூரியா மிஞ்சும், அதை வெளியே கொண்டுபோகத் தண்ணீர் செலவழிக்க வேண்டும். கொழுப்பில் அந்தக் கழிவு இல்லை. யானைச் சீல் குட்டியைப் பார். பிறந்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் தாய் பாலை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குட்டி அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பாடும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் கரையிலேயே கிடக்கும். உடம்புக் கொழுப்புத்தான் அதற்குச் சோறும் தண்ணீரும்.

உன் அடுத்த கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். அந்த ஒட்சிசனுக்காக மூச்சு விடும்போது ஈரம் போகாதா? போகும். அதைத் தடுக்கச் சீலின் மூக்குக்குள் சுருள் சுருளாக மெல்லிய எலும்புத் தகடுகள் இருக்கின்றன. உள்ளே வரும் குளிர்காற்று அவற்றைக் குளிர வைக்கும். வெளியே போகும் சூடான மூச்சு அவற்றில் படும்போது ஈரத்தின் பெரும் பங்கு அங்கேயே படிந்து உடம்புக்குத் திரும்பிவிடும்.

கிருலப்பனை, கைக்குழந்தையின் தாய்: பால் கொடுத்தால் எனக்கே தாகம் தாங்க முடியவில்லை. அவை எப்படிச் சமாளிக்கின்றன?

பாலைத் தடிப்பாக்கி. எங்கள் தாய்ப்பாலில் 87 வீதத்துக்கு மேல் தண்ணீர். முக்காட்டுச் சீல் (hooded seal) என்று ஓர் இனம், அதன் பாலில் 60 வீதம் வரை கொழுப்பு. தாய்க்குத் தண்ணீர் மிச்சம், குட்டி அந்தக் கொழுப்பை எரித்துத் தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே எடுத்துக்கொள்ளும். நீங்கள் தண்ணீர் குடியுங்கள்.

மட்டக்குளி வாசகர்: ஆமை கண்ணீர் வடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் உப்பு வெளியேற்றமா?

ஆம். கண்ணருகே உப்புச் சுரப்பி இருக்கிறது. கடற்பறவைகளுக்கும் தலையில் உண்டு. பாலூட்டிகளுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

சொந்த ஊர் மன்னார், இப்போது கொழும்பு: எங்கள் பக்கத்து ஆவுளியா (கடற்பசு) கடற்புல் தின்னுமே, மீன் தின்னாதே. அதற்கு?

கடற்புல்லிலும் தண்ணீர் நிறைய உண்டு. ஆனால் உப்பும் கூடவே வரும். ஆவுளியா முழுக்க முழுக்கக் கடலிலேயே வாழ்ந்து இதைச் சமாளிக்கிறது. அமெரிக்கப் பக்கத்து உறவான மனாட்டி அப்படி இல்லை. ஆற்று முகங்களைத் தேடிப் போய் நன்னீர் குடிக்கும், படகுத்துறையில் குழாயில் வழியும் தண்ணீருக்கு வாயைக் கொடுத்துக்கொண்டு நிற்கும். ஒரே வரிசைப் பிராணிகள், பழக்கம் வேறு. பாக்கு நீரிணையின் மறுகரையில் 2022இல் தமிழ்நாடு 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாவுக்கென ஒதுக்கியது. கடற்புல் அழிந்தால் அதற்குச் சாப்பாடும் தண்ணீரும் ஒன்றாகவே போய்விடும். கடற்புல்லை வாரி அழிக்கும் இழுவைமடி வலையைப் பற்றி மன்னாரில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மருதானை வாசகர்: கடல்நீரை வேண்டுமென்றே குடிக்கும் பாலூட்டியே இல்லையா?

இருக்கிறது. வட பசிபிக்கின் கடல் நீர்நாய். நண்டும் சிப்பியும் கடல்முள்ளியும் தின்பதால் அதற்கு உப்பும் யூரியாவும் இரண்டு பக்கமும் இடி. கடல்நீரைக் குடித்து அவற்றைக் கழுவி வெளியேற்றுகிறது.

இரத்மலானை வாசகர்: 2020 நவம்பரில் பாணந்துறையில் நூற்றுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கினவே. அப்படி ஒன்று கரையில் கிடந்தால் குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. தலைக்கு மேலே இருக்கும் துளை மூக்கு. அதில் ஒரு போத்தல் தண்ணீர் போனாலும் நுரையீரலுக்குத்தான். பாணந்துறையில் ஒதுங்கியவை குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள். கடற்படையினரும் ஊர் ஆட்களும் இரவிரவாக நின்று பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டார்கள். அந்த உதவி சரி. தோலை ஈரமாக வைத்திருங்கள், நிழல் கொடுங்கள், மூக்கை மூடாதீர்கள், வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள். இரை தின்னாமல் கிடக்கும் டொல்பினுக்கு நீரிழப்பு வருவது உண்மை. அதற்கு மிருக வைத்தியர்கள் குழாய் மூலம் வயிற்றுக்குள் நன்னீர் ஏற்றுவார்கள். அது எங்கள் வேலை இல்லை.

தெஹிவளைச் சிறுவன், வயது சொல்லவில்லை: டொல்பினை பேரே வாவியில் விட்டால் ஆசை தீரத் தண்ணீர் குடிக்குமா?

குடிக்க விரும்பினாலும் அதன் தோல் தாங்காது செல்லம். கடல் டொல்பின்கள் நாள்கணக்கில் நன்னீரில் அகப்பட்டால் தோல் வீங்கிப் புண்ணாகும். அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெருமழைக்கும் சூறாவளிக்கும் பிறகு இதைக் கண்டிருக்கிறார்கள், சில செத்தும் போயிருக்கின்றன. கங்கை டொல்பின் போன்ற ஆற்று இனங்களுக்கு மட்டும்தான் அது சரிப்படும். பேரே வாவியில் விடுவதற்கு வேறு ஏதாவது யோசி.