ஸ்விட்ச் 2வா, ஸ்டீம் டெக்கா? கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

கையடக்கக் கேம் மெஷின் பற்றித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டு இடத்தை மட்டும் போட்டிருக்கிறேன். ஸ்விட்ச் நின்டெண்டோ கம்பனியின் மெஷின். ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஒன்லைன் கடை, ஸ்டீம் டெக் அந்தக் கடையின் கேம்களை ஓட்டுகிற மெஷின்.

வெள்ளவத்தை: அண்ணா, ஏ.எல். முடிஞ்சுது. அப்பா ஒன்று வாங்கித் தாறாராம். ஸ்விட்ச் 2 நல்லதா, ஸ்டீம் டெக் ஓஎல்இடி (ஓஎல்இடி திரை உள்ள டெக்) நல்லதா?

தம்பி, என்ன கேம் விளையாடப் போகிறீர் என்று சொல்லவில்லையே. மரியோ, செல்டா, போகிமொன்தான் வேண்டுமென்றால் யோசிக்க ஒன்றுமில்லை, அவை நின்டெண்டோவில்தான் வரும். அதைத் தாண்டி என்றால் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஸ்விட்ச் 2 2025 ஜூனில் வெளிவந்தபோது அமெரிக்காவில் 450 டொலர். டெக் ஓஎல்இடி 2023 நவம்பரில் 549 டொலரில் தொடங்கியது. கொழும்புக்கு இரண்டுமே கடைக்காரர் தாங்களாக இறக்குவதுதான். அதனால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் மாடிக்கு மாடி விலை மாறும். ஆனால் உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நின்டெண்டோவின் சொந்த கேம்கள் வருடங்கள் போனாலும் லேசில் விலை இறங்காது. ஆனால் டவுன்லோடாக இல்லாமல் மெஷினில் செருகுகிற கார்டாக வாங்கினால், முடித்ததும் விற்றுவிட்டு அடுத்ததை எடுக்கலாம். ஸ்டீமில் விற்கவே முடியாது. அதற்குப் பதிலாக அங்கே தள்ளுபடிக் காலத்தில் பழைய பெரிய கேம்கள் அரை விலைக்கும் கீழே போகும். பிடிக்காவிட்டால், வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம்.

வீட்டு இன்டர்நெட் பெக்கேஜையும் ஒருக்கால் பாரும். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றுக்கே 150 ஜிபி இடம் வேண்டும். கார்ட் என்றால் டேட்டா மிச்சம் என்றும் நம்பிவிட வேண்டாம். ஸ்விட்ச் 2 கேம்கள் சிலவற்றில் கார்டுக்குள் இருப்பது சாவி மட்டும், கேமை முழுவதும் டவுன்லோட் செய்ய வேண்டும். பெட்டியின் முன்பக்கம் கீழே சாவிப் படம் இருந்தால் அது அந்த வகை.

என்னைக் கேட்டால், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத ஏ.எல். முடித்த பெடியனுக்கு டெக். கீபோர்டும் மொனிட்டரும் கொழுவினால் அதுவே ஒரு லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) கம்ப்யூட்டர், கம்பஸ் அசைன்மென்டும் அதிலேயே செய்யலாம். அப்பாவிடம் இதைச் சொல்லும், வேலை செய்யும்.

கொட்டாஞ்சேனை: மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஆறு. ஸ்விட்ச் லைட் மலிவாக இருக்கிறது. போதுமா?

இரண்டு பிள்ளைகளா அக்கா? அப்படியென்றால் லைட் வேண்டாம். அதை டிவியில் கொழுவ முடியாது, கொன்ட்ரோலரைக் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுக்கவும் முடியாது. சண்டை பிரித்தே உங்கள் பின்னேரம் போய்விடும். பழைய சாதாரண ஸ்விட்ச் போதும். 2019க்குப் பிறகு வந்த மொடலாகப் பாருங்கள், பற்றரி நாலரை முதல் ஒன்பது மணித்தியாலம் வரை நிற்கும். முதலில் வந்தது இரண்டரையிலிருந்து ஆறரை வரைதான்.

தெஹிவளை: ஃபோர்ட்நைட் விளையாடத்தான் வேண்டும். டெக்கில் ஓடுமா?

ஓடாது. கள்ள ஆட்டம் பிடிக்கிற அதன் மென்பொருளை லினக்ஸுக்குத் திறந்துவிடவில்லை. வலொரன்ட்டும் அப்படித்தான். ஃபோர்ட்நைட்தான் முக்கியமென்றால் விண்டோஸ் உள்ள ஆசஸ் ராக் அலை (ROG Ally) மாதிரி ஒன்றைப் பாருங்கள். முதலில் வந்த ராக் அலையின் பற்றரி 40 வாட்-அவர், பெரிய கேம் போட்டால் சார்ஜரைத் தேட வைக்கும். 2024இல் வந்த அலை எக்ஸில் அதை 80 ஆக்கினார்கள். வாங்கினால் எக்ஸ்தான்.

பம்பலப்பிட்டி: பிளேஸ்டேஷன் போர்ட்டல் எப்படி? காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போது விளையாடலாமா?

பஸ்ஸுக்கு அது சரிவராது. வீட்டில் இருக்கிற பிளேஸ்டேஷன் 5 இன் படத்தை வைஃபை வழியாகக் கொண்டுவருவதற்கென்று செய்த சாதனம் அது. தனியாகக் கேம் ஓட்டாது. டிவியைச் சீரியலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய வீட்டுக்கு நல்லது.

மட்டக்குளி: பாவித்த ஸ்விட்ச் 2 ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் உங்கள் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, விற்பவர் முன்னாலேயே ஈஷாப் (நின்டெண்டோவின் ஒன்லைன் கடை) திறக்கிறதா என்று பாருங்கள். திருட்டு கேம் போடுகிற கார்ட் பாவித்த ஸ்விட்ச் 2 மெஷின்களை நின்டெண்டோ ஒன்லைன் சேவையிலிருந்து தடை செய்திருக்கிறது. தடை மெஷினுக்குத்தான், ஆளுக்கு இல்லை. கை மாறினாலும் அது கூடவே வரும்.

அடுத்தது, மெனு மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஜப்பானில் மலிவு விலைக்கு விடப்பட்ட ஒரு ஸ்விட்ச் 2 இருக்கிறது, அதில் ஜப்பான் மொழி மட்டும்தான், ஜப்பான் கணக்கு மட்டும்தான் ஏறும். "நல்ல விலை" என்றதும் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் அதுதான்.

அப்புறம் செட்டிங்கில் கொன்ட்ரோலர் ஸ்டிக் சோதனையைத் திறந்து விரலை எடுத்துவிட்டுப் பாருங்கள். குறி தானாக நகர்ந்தால் விலையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கூடவே ஒரு சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டைத் தந்து "இலவசம்" என்றால் மயங்க வேண்டாம். ஸ்விட்ச் 2 இல் கேம் போட மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வேண்டும்.

வத்தளை: மாமா துபாயிலிருந்து வாறார். அங்கே ஸ்விட்ச் 2 வாங்கினால் இங்கே வேலை செய்யுமா?

செய்யும். வேறு நாட்டுக் கேம் கார்டும் போடலாம், சார்ஜரும் நம் மின்சாரத்துக்குச் சரி. கணக்குத் திறக்கும்போது நாட்டுப் பட்டியலைப் பார்த்து யோசித்துத் தெரிவு செய்யுங்கள், ஈஷாப் கிஃப்ட் கார்டும் அதே நாட்டுடையதாக இருக்க வேண்டும். பில்லை மட்டும் மாமாவிடம் மறக்காமல் கேளுங்கள், வாரண்டி என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கடையோடுதான். பெட்டியை சூட்கேஸில் போடாமல் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், உள்ளே லித்தியம் பற்றரி இருக்கிறது.